ஒன்பதாம் வகுப்பில் ஐந்து பீரியட் வேண்டும்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிக் கல்வித் துறைச் செயலர், பள்ளிக் கல்வி இயக்குநர், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் பாடம் எழுதும் குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

நான் வட மாவட்டம் ஒன்றில், அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியரும் நான்தான். மற்ற ஆசிரியர்களும் பெற்றோரும் படித்துவிட்டு ஒத்துப்போகவோ சண்டை போடவோ வேண்டும் என்பதால் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

கேட்பது இதுதான். மனச்சோர்வு என்றால் என்ன, தனக்கோ கூடப் படிக்கும் பிள்ளைக்கோ அது வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தால் யாரிடம் போய் என்ன சொல்வது என்பதை மாணவர்களுக்கே நேரடியாகச் சொல்லித்தர, ஒன்பதாம் வகுப்பில் ஐந்து பீரியட் ஒதுக்குங்கள். கால அட்டவணையில் ஏறிய பீரியடாக இருக்கட்டும். "வசதிக்கேற்ப நடத்திக்கொள்ளவும்" என்று சுற்றறிக்கை வந்தால் அது எங்கே போகும் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் போதாதா, ஏன் மாணவர்களுக்கே என்று கேட்கலாம். ஸ்டாஃப் ரூமுக்கு வந்து சேரும் செய்தி எப்போதுமே பழைய செய்தி. ஒரு பிள்ளை சரியில்லை என்பது முதலில் பக்கத்து பெஞ்சுக்குத் தெரியும், அப்புறம் சைக்கிளில் கூட வருபவருக்கு, அதற்குப் பிறகு சில சமயம் வீட்டுக்கு. எங்களுக்கு வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை விழுந்த பிறகுதான்.

போன கல்வியாண்டில் ஓர் இடைவேளையில் இரண்டு பெண்கள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை. ஒருத்தி கையில் ஒரு ரஃப் நோட்டு. "மிஸ், நாங்க காமிச்சோம்னு அவகிட்ட சொல்லக் கூடாது" என்று மூன்று முறை சொன்ன பிறகே நோட்டைக் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில் இருந்ததை இங்கே எழுதப் போவதில்லை. எழுதிய பெண் நன்றாகப் படிக்கிறவள். அந்த மாதத் தேர்வில்கூட மார்க் குறையவில்லை. ஆனால் இந்த இருவரும் நிறையப் பார்த்திருந்தார்கள். சத்துணவுத் தட்டில் சோற்றைக் கிளறிவிட்டு அப்படியே கொட்டுகிறாள். ராத்திரி தூக்கமே இல்லை என்கிறாள். கலைத்திருவிழா நடனத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, வரமாட்டேன் என்று ஒதுங்கிவிட்டாள். இவர்களுக்கு இதெல்லாம் தெரிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எங்க அம்மா மேல சத்தியம் வாங்கிட்டா மிஸ்."

பதினான்கு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் அந்தச் சத்தியத்தைச் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறார்கள். மீறினால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், மீறாவிட்டால் தோழிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். இந்த மாதிரிச் சத்தியத்தை மீறலாம், மீறத்தான் வேண்டும், மீறியவளைப் பெரியவர்கள் காட்டிக்கொடுக்க மாட்டார்கள் என்று அவர்களுக்கு யாரும் முன்கூட்டியே சொல்லியிருக்கவில்லை. தாங்களாகவே முடிவெடுத்து வந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் அப்படி வரமாட்டார்கள்.

அந்தப் பெண்ணை அவள் அம்மாவோடு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அம்மா ஏற்கெனவே மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருந்தார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத் திட்டுவார் என்று நினைத்தேன். "தாயத்து இருக்கட்டும்மா, அது பாட்டுக்கு இருக்கட்டும். நான் வரச் சொல்ற தேதிக்கு மட்டும் தவறாம வாங்க" என்றார். தவறாமல் போனார்கள். அந்தப் பெண் இப்போது பத்தாம் வகுப்பில் என்னிடம் இயற்கணிதத்துக்குத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

எண்களையும் சொல்லிவிடுகிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாடு முழுவதும் தற்கொலையில் இறந்த மாணவர்கள் 13,044 பேர். தமிழ்நாட்டில் 1,416. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இதில் கல்லூரி மாணவர்களும் அடக்கம். எல்லாமே மனச்சோர்வால் நடந்தவை என்றும் சொல்ல முடியாது. ஆனால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் என் வகுப்பில் அது ஏறக்குறைய மூன்று பேர். அந்த மூன்று பேர் யார் என்று எனக்குத் தெரியாது. மீதி முப்பத்தேழு பேரில் சிலருக்குத் தெரியும்.

துறை ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2017இல் பொதுத்தேர்வு முடிவுகளோடு முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் போடுவதை நிறுத்தினீர்கள். அதற்கு முன் ரிசல்ட் நாளில் பள்ளிகள் என்ன கூத்து அடித்தன என்பது எங்களுக்கு நினைவிருக்கிறது. தேர்ச்சி பெறாதவர்கள் ஒரு வருடம் வீணாகாமல் உடனே துணைத் தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு எத்தனையோ பிள்ளைகளைக் கரைசேர்த்திருக்கிறது. 104 மருத்துவ உதவி எண்ணிலிருந்து அவர்களை அழைத்துப் பேசுகிறார்கள். மனநல உதவிக்கு "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் 14416 இருக்கிறது, கல்வி உதவிக்கு 14417, குழந்தைகளுக்கு 1098. எங்கள் பள்ளிச் சுவரில் எல்லா எண்ணும் ஒட்டியிருக்கிறது. பிள்ளைகள் குறைகளை எழுதிப் போட "மாணவர் மனசு" பெட்டியும் இருக்கிறது. அதை எங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டியிருப்பதால், சீட்டுப் போடப் போகிறவரை வராந்தாவே பார்க்கும் என்பது வேறு கதை.

ஆனால் இவையெல்லாம் பிள்ளை தானாகக் கை நீட்டும்போது பிடித்துக்கொள்ளும் ஏற்பாடுகள். மனச்சோர்வு வந்த பிள்ளை கை நீட்டாது, அதுதான் அந்த நோயின் குணமே. "எனக்கு ஒண்ணும் இல்ல", "என்ன பண்ணி என்ன ஆகப்போகுது", "என்னால எல்லாருக்கும் தொல்லை". இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லும் பிள்ளை 14416ஐ எப்படி அழைக்கும்? அருகில் இருப்பவருக்கு அடையாளம் தெரிந்திருந்தால்தான் ஏதாவது நடக்கும்.

அடையாளங்கள் என்று நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரமோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனம் இறுகிக் கிடப்பது. பிடித்தது பிடிக்காமல் போவது. தூக்கமும் பசியும் கூடிப்போவது அல்லது குறைந்துபோவது. கரும்பலகையைப் பார்த்தாலும் எதுவும் ஏறாமல் இருப்பது. தான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு. நம் ஊரில் இவற்றோடு வயிற்றுவலி, தலைவலி என்று உடம்பு வழியாகவும் வரும். வாரத்துக்கு மூன்று நாள் வயிற்றுவலி என்று பெர்மிஷன் கேட்கும் பிள்ளைக்கு ஸ்கேன் எடுத்தால் எதுவும் இருக்காது. உடனே "நடிக்கிறா" என்று முத்திரை விழும்.

பையன்கள் விஷயம் இன்னும் மோசம். இந்த வயதில் மனச்சோர்வு சோகமாக மட்டும் வராது, எரிச்சலாகவும் கோபமாகவும் வரும். இது டாக்டர்களின் கையேட்டிலேயே இருக்கும் விஷயம். கபடி டீமில் ரெய்டு போன பையன் திடீரென்று மைதானத்துப் பக்கமே வரவில்லை, சின்ன விஷயத்துக்கு அடிதடி, டீச்சரை எதிர்த்துப் பேச்சு, பெஞ்சை உதைக்கிறான். இவனுக்கு நாம் வைத்திருக்கும் மருந்து என்ன? பெற்றோரைக் கூட்டிவரச் சொல்வது, எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைப்பது, கடைசியில் டி.சி. கெட்ட பிள்ளைகள் எல்லோரும் நோயாளிகள் என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. சிலர் நிஜமாகவே வாலுப் பிள்ளைகள்தான். ஆனால் போன வருடம் வரை ஒழுங்காக இருந்தவன் இந்த வருடம் ஏன் இப்படி என்ற கேள்வியைக் கேட்க ஒருவராவது வேண்டும். அவனோடு டீக்கடை வரை நடக்கும் நண்பன்தான் அதற்குச் சரியான ஆள்.

சரி, சொல்லித்தந்தால் பலன் இருக்குமா? இருக்கும் என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. ஐரோப்பாவில் பத்து நாடுகளில் 168 பள்ளிகள், 11,110 மாணவர்கள் என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவுகள் 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. பள்ளிகளை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. இன்னொன்றில் நிபுணர்கள் கேள்வித்தாள் வைத்து, ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்தார்கள். மூன்றாவதில் மாணவர்களுக்கே சில மணி நேர வகுப்பு; அதில் பெரும்பகுதி நடித்துப் பார்ப்பதும் பேசுவதும். நான்காவதில் சுவரொட்டி மட்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், சுவரொட்டிப் பள்ளிகளில் 1.51 சதவீதம் மாணவர்கள் புதிதாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். மாணவர்களுக்கு வகுப்பு நடந்த பள்ளிகளில் அது 0.70. பாதிக்கும் குறைவு. ஆசிரியர் பயிற்சியிலும் நிபுணர் தேடலிலும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் கிடைக்கவில்லை.

கணக்கு டீச்சர் என்பதால் சொல்கிறேன், 0.70க்கும் 1.51க்கும் உள்ள வித்தியாசம்தானே என்று தோன்றலாம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை வருடத்துக்குச் சுமார் 9 லட்சம் பேர் எழுதும் மாநிலம் இது. அங்கே கிடைத்த பலன் இங்கே அப்படியே கிடைக்கும் என்று நான் கணக்குப் போடவில்லை. முயன்று பார்க்கத் தக்கது என்பதற்கு இந்த ஆதாரம் போதும் என்கிறேன்.

அமெரிக்காவில் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 1999 முதல் நடத்திவரும் ஒரு பாடம் உண்டு. மொத்தமே மூன்று மணி நேரம்தான். மனச்சோர்வு ஒரு நோய், மற்ற நோய்களைப் போலவே சிகிச்சை உள்ள நோய் என்பதுதான் அதன் மையச் செய்தி. சுகாதார வகுப்பில் ஆசிரியர்களே நடத்துகிறார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் சோதித்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள். மனச்சோர்வைப் பற்றி மாணவர்களுக்குத் தெரிந்தது தெளிவாகக் கூடியது. அதைப் பற்றிய கூச்சமும் இளக்காரமும் குறைந்ததா என்றால், இல்லை. அந்த மருத்துவர்கள் இதை மறைக்கவில்லை. நாமும் பாடம் எழுதும்போது இதை மனதில் வைக்க வேண்டும். தகவல் தெரிந்துவிட்டால் கேலி நின்றுவிடாது. அதனால்தான் நடித்துப் பார்க்கும் பகுதி அவசியம் என்கிறேன்.

எங்கள் வகுப்பில் நீதிபோதனை பீரியடில் இதைக் கொஞ்சம் செய்து பார்த்தேன். இரண்டு பேர் முன்னால் வர வேண்டும். ஒருவர் மனசு சரியில்லாதவர், இன்னொருவர் நண்பர். முதல் பத்து நிமிடம் வகுப்பே சிரிப்பில் உருண்டது. நண்பராக வந்த பையன் எடுத்த எடுப்பில், "இதுக்கெல்லாமாடா அழுவ? எங்க வீட்ல வந்து பாரு, அப்புறம் தெரியும் கஷ்டம்னா என்னன்னு" என்றான். கைதட்டல். அடுத்து வந்தவன் அறிவுரை மழை: காலையில எழுந்து ஓடு, சாமி கும்பிடு, போன் பார்க்காதே. மூன்றாவதாக ஒரு பெண் வந்தாள், சாதாரணமாக அதிகம் பேசாதவள். "ரெண்டு வாரமா பாக்குறேன், நீ சாப்பிடவே மாட்டேங்குற. என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றாள். எதிரில் நோயாளியாக நடித்தவளுக்குப் பதில் வரவில்லை. நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் வகுப்பு அடங்கியது. எது உதவும், எது உதவாது என்று நான் விளக்கத் தேவையே இருக்கவில்லை. அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கேட்டார்கள்: "அவ சொல்லிட்டா, அதுக்கப்புறம் நாங்க என்ன மிஸ் பண்றது?"

இந்தக் கேள்விக்குத்தான் உங்கள் பாடம் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகளை டாக்டராக்கக் கூடாது. நண்பனைக் காப்பாற்றும் பொறுப்பைப் பதினான்கு வயதுக்காரன் தலையில் ஏற்றக் கூடாது. அவன் வேலை கவனிப்பது, கேட்பது, நம்பகமான பெரியவர் ஒருவரிடம் அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது. அத்தோடு முடிந்தது. செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று நண்பன் சொன்னால் அவனைத் தனியே விட்டுவிட்டு ஆள் தேடப் போகக் கூடாது, கூடவே இருந்துகொண்டு இன்னொருவரை அனுப்ப வேண்டும். ராத்திரியில், விடுமுறையில், பெரியவர் யாரும் கிடைக்காதபோது 14416. அந்த எண்ணை அழைத்தால் என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்லலாம் என்று வகுப்பிலேயே ஒரு முறை பேசிப் பார்க்க வேண்டும். சுவரில் ஒட்டிய எண்ணை யாரும் அழைப்பதில்லை. பழகிய எண்ணைத்தான் கை தேடும்.

இனி எங்கள் தரப்பிலிருந்தே வரும் ஆட்சேபனை. என் தலைமையாசிரியர் நல்ல மனிதர். அவர் சொன்னார்: "இதெல்லாம் வகுப்புல பேசினா, தெரியாத புள்ளைங்களுக்கும் நாமளே ஐடியா குடுத்த மாதிரி ஆயிடும் டீச்சர்." இந்தப் பயம் அவருக்கு மட்டும் இல்லை, அநேகமாக எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. இதையும் சோதித்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களில் பாதிப் பேரிடம் தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டார்கள், பாதிப் பேரிடம் கேட்கவில்லை. 2005இல் வந்த முடிவு: கேட்கப்பட்டவர்களுக்கு மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்கள்கூடக் கேட்ட பிறகு மோசமாகவில்லை. பேசும் விதத்தில் கவனம் வேண்டும்தான். யார், எப்படி இறந்தார் என்ற விவரங்கள் வகுப்பறைக்கு வரக் கூடாது. இறந்தவரைத் தியாகியாக்கும் பேச்சும் கூடாது. சீரியல்களும் ரீல்ஸும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் தினமும் ஊட்டுகின்றன. பள்ளியில் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டிருந்து யாரைக் காப்பாற்றப் போகிறோம்?

அடுத்து, இதை யார் நடத்துவது? சக ஆசிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன்: பெரும்பாலும் நாங்கள் வேண்டாம். பீகாரில் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் சேஹர் என்ற திட்டத்தைச் சோதித்தார்கள். ஒரே திட்டம்தான். சில பள்ளிகளில் ஆசிரியர்கள் நடத்தினார்கள், சில பள்ளிகளில் அதற்கென்றே பயிற்சி கொடுத்து நியமித்த ஆலோசகர்கள் நடத்தினார்கள். இந்த ஆலோசகர்கள் மனநல நிபுணர்கள் இல்லை. 2018இல் வெளியான முடிவின்படி, ஆலோசகர்கள் இருந்த பள்ளிகளில் சூழ்நிலை மேம்பட்டது, மனச்சோர்வும் பிள்ளைகளுக்குள் நடக்கும் கொடுமைப்படுத்தலும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் எந்தப் பலனும் இல்லை.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. காலையில் எமிஸ் என்ற பள்ளித் தகவல் செயலியில் வருகை ஏற்றி, மார்க் ஏற்றி, சைக்கிள் கொடுத்த கணக்கு எழுதி, நடுவில் பாடமும் எடுக்கும் ஆளிடம் ஐந்தாவதாக ஒரு வேலையைக் கொடுத்தால் அது கையெழுத்தில் முடியும். அதைவிட முக்கியம், மார்க் போடுகிறவரிடமும் பெற்றோரைக் கூப்பிடுகிறவரிடமும் பிள்ளைகள் எல்லாவற்றையும் திறந்து பேச மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு ஆள் இல்லாமல் இல்லை. இல்லம் தேடிக் கல்வி 2021இல் தொடங்கியபோது லட்சக்கணக்கில் தன்னார்வலர்கள் வந்தார்கள். பெரும்பாலும் அந்தந்த ஊரில் படித்த பெண்கள். பிள்ளைகளின் வீடு தெரியும், அப்பா குடிப்பவரா என்பது தெரியும், எந்தத் தெருவுக்குள் எந்தப் பிள்ளை கால் வைக்க முடியாது என்பதும் தெரியும். அவர்களில் பொருத்தமானவர்களைத் தேர்ந்தெடுத்து, சரியான பயிற்சி கொடுத்து, நான்கைந்து பள்ளிக்கு ஒருவர் என்று நியமிக்கலாம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று மறுபடியும் ஆரம்பித்துவிடாதீர்கள். இது வேலை, வேலைக்குச் சம்பளம் கொடுங்கள்.

நாங்குநேரியில் சக மாணவர்கள் சாதி வெறியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் பணியிடம் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் அல்லது உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. ஆகவே நான் ஆகாயத்திலிருந்து எதையும் கேட்கவில்லை. ஐந்து பீரியட் பாடமும் இந்தப் பணியிடமும் சேர்ந்தே வர வேண்டும். "பெரியவர் ஒருவரிடம் சொல்" என்று பிள்ளைக்குச் சொல்லித்தந்துவிட்டு, அந்தப் பெரியவர் பள்ளியில் இல்லையென்றால் சொல்லித்தராமலே இருந்திருக்கலாம்.

அப்புறம், மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்தக் கிழமை எந்த மருத்துவமனைக்கு வருகிறார் என்ற ஒரு தாள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும். எங்களுக்கு அது விசாரித்துத்தான் தெரிந்தது. பிள்ளை மனநல மருத்துவமனைக்குப் போன விஷயம் டி.சி.யிலோ நடத்தைச் சான்றிதழிலோ எமிஸிலோ எந்த வடிவிலும் ஏறாது என்று எழுத்தில் உத்தரவு வேண்டும். பெண் பிள்ளையின் பெற்றோர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி நோயைப் பற்றியதல்ல. "நாளைக்குக் கல்யாணத்துக்குப் பாக்கும்போது இது தெரியுமா டீச்சர்?" என்பதுதான்.

பாடம் எழுதும் குழுவிடம் தனியாக ஒரு வேண்டுகோள். மூச்சுப்பயிற்சி, யோகா, நேர்மறைச் சிந்தனை என்று நிரப்பி அனுப்பிவிடாதீர்கள். அவை கெட்டவை என்று சொல்லவில்லை. பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து, பாதிப் பள்ளிகளில் மட்டும் மனதை ஒருமுகப்படுத்தும் பயிற்சி கொடுத்துப் பார்த்து 2022இல் முடிவு வெளியிட்டார்கள். வழக்கமாக நடப்பதைவிட அது கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை. கேட்க நன்றாக இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வெயிலில் நிற்க வைத்து, விருந்தினர் ஒருவர் தன்னம்பிக்கை உரை ஆற்றுவதும் இதே வகைதான். அன்றைக்கு இரண்டு பிள்ளை மயங்கி விழுவதுதான் மிச்சம்.

இன்னொன்று. எங்கள் பிள்ளைகளின் வருத்தம் எல்லாமே நோய் இல்லை. சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் ஒருவன் பள்ளிக்கு வரவில்லையென்றால், அவனுக்கு மனச்சோர்வுப் பாடம் நடத்துவது அநியாயம். கூப்பிட்டவன் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். வீட்டில் ஒரு பிள்ளை பாலியல் தொந்தரவுக்கு ஆளானால் அது போக்சோ வழக்கு. ஆலோசனையோடு மூடிவைக்கச் சட்டத்திலேயே இடமில்லை. பசி, கடன், அப்பாவின் குடி, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் கல்யாணம் என்ற மிரட்டல், இவையெல்லாம் மனச்சோர்வுக்கு இட்டுச் செல்லும். மருந்து மட்டும் கொடுத்து இவற்றை மறைத்துவிடக் கூடாது. பாடத்தில் இந்த வேறுபாடு இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது புரியும். நம்மைவிடச் சீக்கிரமே புரியும்.

நேரம் எங்கே இருக்கிறது என்பீர்கள். நீதிபோதனை பீரியடையும் விளையாட்டு பீரியடையும் கணக்கு டீச்சர்கள் எடுத்துக்கொள்வது ஊரறிந்த ரகசியம். கணக்கு டீச்சராகிய நானே சொல்கிறேன், எங்களிடமிருந்து பிடுங்குங்கள். பத்தாம் வகுப்பில் கைவைக்க முடியாது, அங்கே எல்லோருக்கும் பொதுத்தேர்வுக் காய்ச்சல். ஒன்பதாம் வகுப்பில் இடம் இருக்கிறது. 2025இல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கிவிட்டதால் அங்கேயும் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு பீரியட் அங்கே நினைவூட்டலாக வைக்கலாம். ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பாடத்துக்குத் தேர்வு வைக்காதீர்கள். "மனச்சோர்வின் அறிகுறிகள் ஐந்தினை எழுதுக" என்று ஐந்து மார்க் கேள்வி வந்த நாளில் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

எடுத்த எடுப்பில் மாநிலம் முழுவதும் வேண்டாம். இரண்டு மூன்று மாவட்டங்களில் ஒரு வருடம் நடத்திப் பாருங்கள். நடத்தாத பள்ளிகளோடு ஒப்பிட்டு, பலன் என்ன என்று வெளியில் யாராவது அளந்து சொல்லட்டும். பலன் இல்லையென்றால் அதையும் வெளியிடுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது கால அட்டவணை போட்டுவிடுவோம், ஆகவே உத்தரவு ஏப்ரலுக்குள் வந்தால்தான் அந்த வருடமே நடக்கும்.

வரைவு தயாரானதும், அச்சுக்குப் போவதற்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு முப்பது பேரிடம் படிக்கக் கொடுங்கள். எந்த வரி பாடப்புத்தகத் தமிழ், எந்த வரியை நிஜமாகவே தன் நண்பனிடம் சொல்ல முடியும் என்று ஒரே பீரியடில் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் வகுப்பில் கேட்டேன், நாங்கள் தயார் என்கிறார்கள்.

இப்படிக்கு,
அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின்
ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை